நிரம்பாத எட்டுத் தொட்டிகள்

அத்தியாயம் 9

அந்த ஜனவரியில் எங்கள் மலைச்சரிவில் பெய்த மழையை முழுதாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் பாதியை மட்டும் சொல்கிறேன். பதினோரு நாள். நாலாம் நாளே சந்தையில் மீன்காரி கடையைச் சாத்திவிட்டாள். ஜனங்கள் ஜன்னலைத் திறந்து வைத்து அவரவர் பங்கு மீனைப் பிடித்துக்கொண்டார்கள். என் மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்குள் இரண்டு தலைப்பிரட்டைகள் குடிவந்தன. பிரேக் போட்டால் இரண்டும் கண்ணாடியருகே வந்து எட்டிப் பார்க்கும்.

அப்பேர்ப்பட்ட மழையில்தான், செண்டாங் அஸ்ரி பல்கலைக்கழகத்தின் மழைநீர்த் தொட்டிகள் எட்டும் காய்ந்து கிடப்பதாகத் தகவல் வந்தது.

"பாக் வாகிமின், இன்னும் கொஞ்சம் வேகமா," என்று பின்னாலிருந்து முதுகைத் தட்டினாள் வுர்யானி. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை 'பாக்' என்றும் பெண்ணை 'இபு' என்றும் கூப்பிடுவோம்.

"இதுக்கு மேல போனா வண்டின்னு சொல்ல முடியாது இபு. படகுன்னு சொல்லணும்."

வுர்யானி இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவள். மீட்டரைப் பார்ப்பாள், வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பாள், இரண்டில் எது பொய் சொல்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்த வித்தையை வைத்துத்தான் இப்போது துப்பறிகிறாள். நான் அவளுக்கு உதவியாளன். முன்பு பஸ் ஓட்டினேன். கண் டாக்டர் என் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பல்கலைக்கழக வாசல் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. துணை ரெக்டர் டாக்டர் ஹர்ஜந்தோ பனையோலைக் குடையின் கீழ் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். நீரியலில் பட்டம் வாங்கியவர். பசுமை வளாகக் குழுவுக்குத் தலைவர். சட்டைப் பையில் பச்சை மசிப் பேனா.

"மூணு மணிக்கு ஜகார்த்தாவிலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வருது இபு. நிலத்துக்கு அடியிலேர்ந்து ஒரு சொட்டு எடுக்கறதில்ல, எல்லாம் மழைத் தண்ணிதான்னு எழுதிக் கொடுத்திருக்கோம். காலையில கழிப்பறைக் குழாயைத் திறந்தா காத்து வருது!"

"தண்ணி எங்க போச்சு?"

"வித்துட்டான். தொட்டியைப் பார்த்துக்கற ஸமிஜோ. வாங்கினவன் யாருன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சாப் போதும்."

"வித்ததை யார் பார்த்தாங்க?"

அவர் எங்களை முன்கூடத்துக்கு இழுத்துப் போனார். சுவரில் ஒரு பெரிய திரை. அதில் நீலநிறத் தண்ணீர் அலையடிக்க, 'தொட்டி நிலை: 96%' என்று ஒளிர்ந்தது.

"திரையில தொண்ணூத்தாறு. தொட்டியில பூஜ்யம். நடுவில இருந்தது எங்க? வேற என்ன ஆதாரம் வேணும்?"

"திரை பொய் சொல்லாதா?" என்றேன்.

"அது ஜெர்மன் திரை."

நான் திரைக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

அவர் ஒரு தாளை நீட்டினார். ஸமிஜோவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். மூன்று மணிக்கு அரங்கத்தில், குழுவின் முன்னால், பல்கலைக்கழகம் எவ்வளவு கண்டிப்பானது என்று காட்ட அதை வாசிக்கப் போகிறாராம். ஸமிஜோவின் மகள் வினார்சி அங்கேயே கடைசி வருஷம் படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் இலவசம். அப்பனுக்கு வேலை போனால் அவளுக்கு இடமும் போகும். ஏப்ரலில் பட்டமளிப்பு.

"பின்பக்கம் என்னமோ எழுதியிருக்கே?" என்றாள் வுர்யானி.

"இங்க புதுத் தாளே கிடையாது இபு. ஒரு பக்கம் எழுதினதை ஆபீஸ்ல ஒரு பெட்டியில போடுவோம். மறு பக்கத்தில அடிப்போம். இந்த வளாகத்தில எதுவுமே வீணாகாது." பெருமையில் அவர் மார்பு விரிந்தது. "நான் போட்டிருக்கற துணியைப் பாருங்க, அத்தனையும் மூங்கில் நார். சட்டை, கால்சட்டை, உள்ளே போடறது வரைக்கும். பூமிக்குப் பாரமில்ல. நல்ல காத்தோட்டம்."

"என்னோடதும் காத்தோட்டம்தான் சார். ஓட்டை விழுந்து நாலு வருஷமாச்சு."

வுர்யானி கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். மூணு மணிக்குத் தரேன்."

எட்டுத் தொட்டிகளும் நூலகத்தின் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. அவற்றின் அருகே ஸமிஜோ மழையில் நனைந்தபடி நின்றிருந்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊருக்குப் போனவன் மாதிரி அவன் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"காலி ஆனதை முதல்ல பார்த்தது யாரு?" என்றாள் வுர்யானி.

"நான்தான் இபு. ஓடிப்போய்ச் சொன்னதும் நான்தான். நீதான் வித்தியான்னு துணை ரெக்டர் திருப்பிக் கேட்டாரு. எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும். என் மக அங்கதான் நின்னுட்டு இருந்தா."

"பதினோரு நாளா தொட்டியைத் திறந்து பார்க்கவே இல்லையா?"

"திரை போட்ட பிறகு மூடியைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. தூசி விழுமாம். போட்ட நாளிலேர்ந்து திரையில தொண்ணூத்தாறுதான்."

வுர்யானி உத்தரவை மதிப்பவள் அல்ல. மூடியைத் திறந்து, கூரையிலிருந்து குழாய் வந்து சேரும் வாயில் டார்ச் அடித்தாள். குழாய் வாயை முழுக்க மூடி ஒரு சிலந்தி வலை. நடுவில் சிலந்தி, முட்டைப் பையைக் கட்டிக்கொண்டு, கதவைத் தட்டாமல் நுழைந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தது.

"இது கட்டி எத்தனை நாள் இருக்கும் பாக்?"

"குடும்பம் ஆகியிருக்கே. ஒரு வாரத்துக்கு மேல."

"அப்ப ஒரு வாரமா இந்த வழியா ஒரு சொட்டும் வரல. ஏற்கெனவே இருந்தது கழிப்பறைக்குப் போய்த் தீர்ந்திருக்கு. இங்கேர்ந்து யாரும் தண்ணியை எடுக்கல பாக். யாரோ உள்ளே வரவிடல."

பையிலிருந்து தேக்கரண்டியை எடுத்தாள். மீட்டர் காலத்துப் பழக்கம். சுவரோடு ஏறும் குழாயைக் கீழிருந்து கைக்கு எட்டிய மட்டும் தட்டினாள். டிங், டிங், டிங். கோவில் மணி மாதிரி.

"முழுசும் காலி," என்றாள். "அடைப்பு உச்சியில இருக்கு. கூரைத் தண்ணிக்கு இந்த ஒரு வாய்தானா?"

"ஒண்ணுதான் இபு. மேல குப்பை போகாம வலை போடணும்னு மூணு தடவை கேட்டேன். மூங்கில்ல பின்னச் சொல்லியிருக்கோம்னாரு. இன்னும் வரல."

"அப்ப பதினோரு நாள் தண்ணி எந்தப் பக்கமா வழியுது?"

அதற்குப் பதில் நூலகத்தின் பின்புறம் இருந்தது. இரண்டு மாடி உயரத்திலிருந்து ஓர் அருவி. அதன் கீழே சிற்றுண்டிக் கடை. பாரியெம் என்ற அம்மாள் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டியோடு தெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். சட்டியில் எண்ணெயும் தண்ணீரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"ஏன் அப்படிப் பார்க்கறீங்க? பல்லு இருந்தா சாப்பிடுங்க, இல்லேன்னா ஒதுங்குங்க," என்றாள் என்னிடம்.

"பல்லு இருக்கு. சோப்புதான் இல்ல. இங்கேயே குளிச்சிடலாம் போலிருக்கே."

"சிரிப்பீங்க. இந்தத் தொட்டி திறப்பு விழா ராத்திரியிலேர்ந்து இப்படித்தான் கொட்டுது. துணை ரெக்டர்கிட்ட சொன்னேன். இயற்கை அருவி, குழு பார்த்தா சந்தோஷப்படும்னாரு."

வுர்யானி நிற்காமல் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தாள். "திறப்பு விழா அன்னிக்கு மழை பெய்யலையா?"

"காலையில பத்து மணிக்கு வானம் சட்டிக் கரி மாதிரி. பந்தல்ல இருநூறு பேர். ரெண்டு தூறல்கூட விழுந்துச்சு. அப்புறம் பட்டுன்னு வெளுத்துடுச்சு. சாயங்காலம் பிடிச்ச மழைதான், இன்னும் விடல." பாரியெம் குரலைத் தாழ்த்தினாள். "வெளுக்காம என்ன செய்யும்? அன்னிக்கு விடியக்காலையிலயே ஸமிஜோ வந்து என்கிட்ட ஒரு கை மிளகாயும் வெங்காயமும் வாங்கிட்டுப் போனானே."

நானும் வுர்யானியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் ஊரில் கல்யாணமோ கச்சேரியோ, மழை வரக் கூடாதென்றால் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, மேலே நிற்கும் ஈர்க்குகளில் மிளகாயும் வெங்காயமும் குத்தி வைப்போம். மேகம் அதைப் பார்த்து வேறு ஊருக்குப் போய்விடும். பெரும்பாலும்.

தொட்டியடிக்குத் திரும்பிப் போய்க் கேட்டதும் ஸமிஜோ மறுக்கவில்லை. "நட்டேன் இபு. புல்தரையில. மறுநாள் காலையில நானே பிடுங்கிட்டேன். கூரைப் பக்கம் போகவே இல்ல."

"யார் நடச் சொன்னது?"

அவன் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"அடேய், மழைத் தண்ணி பிடிக்கற தொட்டிக்குத் திறப்பு விழா. அதுக்கு மழை வரக் கூடாதுன்னு விளக்குமாறா?" என்றேன். "இந்த யோசனை உனக்கு வந்திருக்காது. நீ அவ்வளவு படிச்சவன் இல்ல."

"வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் பாக்."

"உன் மக படிப்பு போகுதுடா!"

அவன் திறந்து கிடந்த தொட்டி மூடியை எடுத்து மூடினான். வுர்யானி அவனை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். "விளக்குமாறு நட்டும் அன்னிக்கு ரெண்டு தூறல் விழுந்திருக்கு. அப்புறம்தான் வெளுத்திருக்கு. நடுவில யாரோ பெரிய ஆயுதத்தை எடுத்திருக்காங்க. பாக், ஏணி ஏறுவீங்களா?"

மணி இரண்டு. பின்சுவரில் இரும்பு ஏணி, அருவிக்குப் பக்கத்திலேயே. எனக்கு அறுபத்தேழு வயது. ஏறும்போது மேலிருந்து இறங்கும் தண்ணீர் என் வாய் வழியாகப் போய்க் காது வழியாக வந்தது. மொட்டை மாடி முழங்கால் ஆழக் குளமாகிக் கிடந்தது. நான் காலை வைத்ததும் ஒரு கெளுத்தி மீன் விலகி வழிவிட்டது. நம்பாதவர்கள் அடுத்த பாராவுக்குப் போகலாம்.

"வாய் எந்த மூலையில?" கீழிருந்து வுர்யானி கத்தினாள்.

"தேடறேன்! அவசரமா இருந்தா நீங்க வாங்க!"

கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். குழாயின் வாய் அகப்பட்டது. அதில் துணி மாதிரி ஏதோ ஒன்று உருண்டையாகச் சுருண்டு, தக்கைபோல இறுகியிருந்தது. இழுத்தேன். வரவில்லை. பஸ்ஸில் கியர் மாற்றுவதுபோல ஒரு திருகு திருகி இழுத்தேன். வந்தது. அடுத்த நொடி யானை ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். மொத்தக் குளமும் அந்தத் துளைக்குள் சுழன்று இறங்கியது. கீழே தொட்டிகள் ஒவ்வொன்றாக முரசு கொட்ட ஆரம்பித்தன. ஸமிஜோ அழுதானா சிரித்தானா என்று மேலிருந்து சொல்ல முடியவில்லை.

கையிலிருந்ததைப் பிழிந்து விரித்தேன்.

ஜட்டி.

முன்பு சொன்னேனே, விளக்குமாறு. அதற்கு மசியாத மேகம் வந்தால் எங்கள் ஊரில் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. போட்டிருக்கும் உள்ளாடையைக் கழற்றிக் கூரைமேல் எறிய வேண்டும். படித்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாமலே செய்வார்கள்.

இடுப்புப் பட்டையில் அழகாக ஒரு மூங்கில் இலை அச்சடித்திருந்தது.

இறங்கி வந்து வுர்யானியிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "வேலை செஞ்சிருக்கு பாக். மழையை நிறுத்துன்னு கேட்டாங்க. தொட்டிக்குள்ள வராம நிறுத்தியிருக்கு."

இரண்டு நாற்பது. டாக்டர் ஹர்ஜந்தோவின் அறை. வெளியே மாணவர்கள் நாற்காலி இழுக்கும் சத்தம். மேசைமேல் பழைய வாழையிலை ஒன்றை விரித்து வுர்யானி அதை வைத்தாள். ஸமிஜோ கதவோரம் நின்றான்.

ஹர்ஜந்தோ பார்த்தார். அவர் முகம் திரை மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, ஜெர்மன் திரை இல்லையே, மனித முகம்தானே, மாறியது.

"இது... இதுதான் அடைச்சதா?"

"இதுதான். மூங்கில் நார் சார். நல்ல காத்தோட்டம்," என்றேன். "தண்ணியோட்டம்தான் கொஞ்சம் கம்மி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். "என்னை நினைச்சுத்தானே கொண்டு வந்தீங்க? திறப்பு விழாவுக்கு ஊழியருங்க நாப்பது பேருக்கும் இதே மாதிரி ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். ஸமிஜோவுக்கும்தான். விளக்குமாறு நட்டவனுக்கு இதை எறியறது எவ்வளவு நேரம்? தண்ணியை வித்தான்னு எழுதினதை அடைச்சான்னு மாத்திக்கறேன். கடிதம் அதேதான்."

நாற்பது ஜட்டி! முப்பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு விசாரிக்க இருபது நிமிஷம். அதுவும் எதைக் காட்டச் சொல்லி விசாரிப்பது?

"பாக் டாக்டர்," ஸமிஜோ தயங்கித் தயங்கிச் சொன்னான், "நீங்க கொடுத்ததை நான் இன்னும் பாக்கெட்டே பிரிக்கல. மக பட்டம் வாங்கற அன்னிக்குப் போடலாம்னு வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு ஒண்ணு வாங்கிப் பாக்கெட்ல வெச்சா யாருக்குத் தெரியும்?"

வுர்யானி அறைக்குள் நடந்துகொண்டே கேட்டாள். "விளக்குமாறு நட்டது ஸமிஜோன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்..."

"நான் சொல்லல."

"அப்ப இவர்." என்னைக் காட்டினார்.

"நான் காத்தோட்டம் பத்தி மட்டும்தான் பேசினேன் சார்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே இபு! கடைக்காரம்மாகூடப் பார்த்திருப்பாங்க."

"பார்த்தாங்க. மிளகாய் வாங்கினதை. சமையலுக்குன்னு நினைச்சிருக்கலாம்." வுர்யானி பையைத் திறந்து நீக்கக் கடிதத்தை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். முன்பக்கம் தட்டச்சு. மெல்லத் திருப்பினாள்.

பின்பக்கம் முழுக்கப் பச்சை மசி. தலைப்பு: திறப்பு விழா ஏற்பாடு. அவள் மீட்டர் படிக்கும் குரலில் படித்தாள்.

"ஒண்ணு. நாற்காலி, இருநூறு. ரெண்டு. காமெலான் வாத்தியக் குழுவுக்குச் சாப்பாடு. மூணு. மழை: ஸமிஜோ. விளக்குமாறு, மிளகாய், வெங்காயம். யாரிடமும் சொல்லக் கூடாது. நாலு." நிறுத்தினாள். "பலிக்காவிட்டால்: நானே."

ஹர்ஜந்தோ சட்டைப் பையிலிருந்த பச்சை மசிப் பேனாவைக் கையால் மறைத்தார்.

"'நானே'ன்னா என்ன சார்?" என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "இருநூறு பேர்... கவர்னர் ஆபீஸ்லேர்ந்து வந்திருந்தாங்க. மேகம் தலைக்கு மேல வந்துடுச்சு. எங்கப்பா எங்க அக்கா கல்யாணத்துக்கு அதைத்தான்..." முடிக்கவில்லை. "அது குழாய்க்குள்ள போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மறந்தே போயிட்டேன்."

"இன்னிக்கு மேசைமேல பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு," என்றாள் வுர்யானி. "வந்த பிறகும் அவர் தலையில போட்டீங்க."

ஹர்ஜந்தோ தாளை எட்டிப் பிடிக்கப் போனார். வுர்யானியின் தேக்கரண்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"பின்பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாதுன்னா, முன்பக்கத்தை மாத்துங்க."

"கிழிச்சுப் போட்டுடறேன். வேலை அப்படியே இருக்கும். மகளும் படிக்கட்டும். போதுமா ஸமிஜோ?"

வழக்கமாக இந்த இடத்தில் ஸமிஜோ தலையாட்டியிருப்பான். பத்தொன்பது வருஷமாக ஆட்டிய தலை.

"போதாது பாக் டாக்டர்," என்றான். "திருடன்னு ரகசியமாச் சொல்லல நீங்க."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். குழு வந்துவிட்டது.

மூன்று ஐந்துக்கு ஹர்ஜந்தோ மேடையேறினார். முதல் வரிசையில் ஜகார்த்தாக்காரர்கள் மூன்று பேர். பின்னால் மாணவர்கள், நடுவில் ஒரு பெண் யாரையும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினார்சி. அப்பனின் மூக்கு அவளிடம் அப்படியே இருந்தது. வுர்யானி பக்கச் சுவரில் சாய்ந்து கடிதத்தால் விசிறிக்கொண்டாள். ஒரு தடவை முன்பக்கம் தெரிந்தது, ஒரு தடவை பின்பக்கம். ஜட்டியை வைத்திருந்த என் சட்டைப் பை சொட்டிக்கொண்டிருந்தது.

"காலையில் இதே வளாகத்தில் ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னேன்," என்று ஆரம்பித்தார். "தவறு என்னுடையது. ஸமிஜோ ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொடவில்லை. கூரைக் குழாய்தான் அடைத்திருந்தது. தொட்டி காலியானதை முதலில் கண்டு சொன்னவரே அவர்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

வினார்சி நிமிர்ந்தாள். யாரோ கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும். கூட்டத்தோடு கூட்டமாக நானும் தட்டினேன், ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு.

முதல் வரிசையிலிருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் பேனாவைத் திறந்தாள். "நல்லது. குழாயை அடைத்தது எது?"

ஹர்ஜந்தோவின் நெற்றியில் மூங்கில் நாரே உறிஞ்ச முடியாத அளவுக்கு வியர்த்தது. என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். நான் மெதுவாகப் பைக்குள் கையை விட்டேன்.

பின்வரிசையில் ஸமிஜோ எழுந்தான்.

"மூங்கில், இபு," என்றான். "கூரையில விழுந்து கிடந்துச்சு. எடுத்துட்டோம்."

அம்மாள் அக்கறையாக எழுதிக்கொண்டாள். நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள மூங்கில் மரங்களை வெட்டவும் என்று பின்னால் வந்த அறிக்கையில் பரிந்துரை இருந்தது. அந்த வளாகத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மூங்கிலும் கிடையாது. அதனால் பரிந்துரையை அன்றே நிறைவேற்றிவிட்டதாகப் பல்கலைக்கழகம் பதில் போட்டது.

ஏப்ரலில் பட்டமளிப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். புல்தரையில் பந்தல். பத்து மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கிளம்பி வந்தது, எருமைக் கூட்டம் மாதிரி. மேடையிலிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் டாக்டர் ஹர்ஜந்தோவைத் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. நான் ஏழெட்டுப் பேரிடம்தான் சொல்லியிருந்தேன்.

அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை.

கொட்டியது. பந்தல் சரிந்தது. கவர்னர் ஆபீஸ் ஆட்கள் ஓடினார்கள். வினார்சி தன் பெயர் கூப்பிட்டதும் மழையில் நடந்து போய், ஊறிப்போன சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள். நூலகத்துப் பக்கம் எட்டுத் தொட்டிகளும் விளிம்புவரை நிரம்பி வழிந்தன.

ஸமிஜோ முதல் வரிசையில் நனைந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே போகலாம்டா, சளி பிடிக்கும்," என்றேன்.

"பரவாயில்ல பாக்," என்றான், மகளை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னிக்குத்தான் பாக்கெட்டைப் பிரிச்சேன். நல்ல காத்தோட்டம்."